ஜெட் படகின் எஞ்சினும் குளிர்ச்சி அமைப்பும்: தண்ணீர் போகும் வழியிலேயே கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் குமரி மாவட்டக் கடற்கரையில் அவுட்போர்டு எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வள்ளத்தின் பின்பலகையில் மாட்டிய எஞ்சின் சூடாவதைக் கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடும் அனுபவசாலிகள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் புரொப்பல்லர் இல்லாமல், தண்ணீரைப் பின்னால் பீச்சி ஓடும் ஜெட் படகை முதன்முதலில் திறந்து பார்க்கும்போது, அந்த அனுபவத்தின் ஒரு பகுதி உதவுகிறது. மற்றொரு பகுதி தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அவுட்போர்டு பழகிய இளைஞர்களையும், தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவில் படித்துக் கடல் எஞ்சின் பக்கம் வர விரும்புகிறவர்களையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். பம்பிலிருந்து தொடங்குவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. ஜெட் படகுகள் பலவற்றில், படகைத் தள்ளுகிற தண்ணீரின் ஒரு சிறு பங்குதான் எஞ்சினையும் குளிர்விக்கிறது. ஆகவே படகின் அடியிலுள்ள வாயில் ஒரு வலைத்துண்டு சிக்கினால், வேகம் குறைவதோடு குளிர்ச்சியும் சேர்ந்தே குறைகிறது. இந்த இணைப்பு மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிதாக வந்து சேரும்.

முதற்படி: பம்பைப் புரிந்துகொள்ளுதல்

இன்று நாம் காணும் ஜெட் படகு வடிவம் நியூசிலாந்தின் தென்தீவில் 1950-களில் உருவானது. பனி உருகி வரும் அந்நாட்டு ஆறுகள் வேகமானவை. ஆனால் பல இடங்களில் கணுக்கால் அளவே ஆழமுள்ளவை. புரொப்பல்லர் கல்லில் மோதி உடையும் அந்த ஆறுகளில் படகு ஓட்ட விரும்பிய வில்லியம் ஹாமில்டன், தண்ணீரைப் படகின் அடியில் உறிஞ்சிப் பின்னால் பீச்சும் அமைப்பைப் பண்படுத்தினார். அவருடைய தொடக்ககால அமைப்பு தண்ணீரைப் படகின் அடிப்பகுதிக்குக் கீழே வெளியேற்றியது. அந்த வாயை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்த பிறகே நல்ல வேகம் கிடைத்தது. 1960-இல் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வழியே நீரோட்டத்தை எதிர்த்து மேலேறியவை இத்தகைய படகுகளே. நம் நாட்டிலும் கடலோரக் காவல்படையின் விரைவு ரோந்துக் கப்பல்கள் பல, பெரிய அளவிலான ஜெட் பம்புகளால்தான் ஓடுகின்றன.

பம்பின் உறுப்புகளைத் தண்ணீர் சந்திக்கும் வரிசையிலேயே கற்க வேண்டும். முதலில் படகின் அடியில் கம்பிகளால் ஆன தடுப்பு இருக்கும். கல், கட்டை, கயிறு போன்றவை உள்ளே போகாமல் காப்பது அதன் வேலை. அதைக் கடந்த தண்ணீர் சாய்வான குழல் வழியாக மேலேறி, சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச்சக்கரமான இம்பெல்லரை அடைகிறது. எஞ்சினின் சுழற்சி நீண்ட ஷாஃப்ட் வழியாக நேராக இம்பெல்லருக்கு வருவதால், பெரும்பாலான சிறிய ஜெட் படகுகளில் கியர் பெட்டி கிடையாது. இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளும்போதே சுழற்றியும் விடுகிறது. அந்தச் சுழற்சி வீணான ஆற்றல்; அதை நேராக்கி முன்தள்ளும் விசையாக மாற்றுவதற்காகவே அடுத்து அசையாத இதழ்களைக் கொண்ட ஸ்டேட்டர் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் குறுகும் வாய், அதாவது நாசில்.

நாசில் ஏன் குறுகுகிறது என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். பம்பின் உள்விட்டம் 200 மி.மீ., நாசில் வாயின் விட்டம் 140 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விட்டம் சிறிதளவே குறைந்ததுபோலத் தோன்றினாலும் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. எனவே தண்ணீரின் வேகம் இரட்டிப்பாகிறது. நொடிக்கு 200 லிட்டர் தண்ணீர் அந்த 140 மி.மீ. வாய் வழியே வெளியேறினால் அதன் வேகம் நொடிக்கு 13 மீட்டர். படகு நின்ற நிலையில் இருந்தால் தள்ளுவிசை 200 பெருக்கல் 13, அதாவது 2,600 நியூட்டன். ஏறத்தாழ 265 கிலோ எடைக்குச் சமம். அதே படகு நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும்போது வேக வேறுபாடு 7 மீட்டராகச் சுருங்குவதால், விசை 1,400 நியூட்டனாகக் குறைகிறது. ஜெட் படகு மெதுவான ஓட்டத்தில் எரிபொருளை விழுங்குவதும், வேக ஓட்டத்தில் ஓரளவு சிக்கனமாக நடப்பதும் இந்த நீர் வேகத்துக்கும் படகு வேகத்துக்கும் உள்ள உறவால்தான். நாள் முழுவதும் மெல்ல ஊர்ந்து வலை விடும் தொழிலுக்கு நம் வள்ளங்களில் புரொப்பல்லரே நீடிப்பது நியாயமானது.

திருப்புவது நாசிலின் பின்னுள்ள அசையும் குழலாலும், பின்னோக்கிச் செல்வது பீச்சலை முன்பக்கம் திருப்பிவிடும் வாளி போன்ற மூடியாலும் நடக்கின்றன. இரண்டு செய்திகளை மறக்கவே கூடாது. வேகத்தை முழுவதும் குறைத்துவிட்டால் பீச்சல் அடங்கி, படகு திரும்புகிற திறனையும் இழக்கிறது. மோதலைத் தவிர்க்க வேகத்தைக் குறைத்தபடியே சுக்கானைத் திருப்புகிறவர் நேராகப் போய் மோதுவார். மேலும், மூடியை நடுநிலையில் நிறுத்தினாலும், எஞ்சின் ஓடும் வரை இம்பெல்லர் சுழன்றுகொண்டும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். கம்பித் தடுப்பில் சிக்கியதை எடுக்கப்போகுமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தொங்கும் கயிறு, தலைமுடி, இடுப்பில் கட்டிய துணி ஆகிய எதையும் அந்த வாய் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: எஞ்சின்

எஞ்சினைப் பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளையோ காரையோ பழுதுபார்த்தவருக்கு இங்கே புதியது குறைவு. சிறிய ஜெட் ஊர்திகளில் மூன்று அல்லது நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்களும், பழைய ஊர்திகளில் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களும் இருக்கும். ஆற்றுப் படகுகளில் காரின் வி-8 எஞ்சினையே கடலுக்கேற்ப மாற்றிப் பொருத்துகிறார்கள். பெரிய வேலைப் படகுகளில் டீசல்.

காரிலிருந்து வேறுபடும் இடங்கள் மூன்று. கார் எஞ்சின் முழுத் திறனில் ஓடுவது எப்போதாவதுதான்; படகு எஞ்சினோ மணிக்கணக்கில் உயர்ந்த சுற்றிலேயே ஓடுகிறது. அடுத்து, காற்றில் குளிரும் ரேடியேட்டருக்கு மூடிய எஞ்சின் அறையில் வேலையில்லை. மூன்றாவது, அந்த அறையில் பெட்ரோல் ஆவி தேங்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் அடியில் படிந்து நிற்கும். எனவே ஸ்டார்ட் செய்யுமுன் குறைந்தது நான்கு நிமிடம் காற்றாடியை ஓட்டி, மூக்கால் முகர்ந்து பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

மூன்றாம் படி: வெப்பத்தின் கணக்கு

எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. அதே அளவு புகையோடு போகிறது; எஞ்சியதில் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரில் இறங்குகிறது. அதாவது 100 கிலோவாட் தரும் எஞ்சின், ஏறத்தாழ இன்னொரு 100 கிலோவாட் வெப்பத்தைத் தண்ணீரில் கொட்டக்கூடும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் தேவை. வெளியேறும் தண்ணீர் உள்ளே வந்ததைவிட 20 டிகிரி மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டுமென்றால், நொடிக்கு ஏறத்தாழ 1.2 லிட்டர், நிமிடத்துக்கு 70 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஓட வேண்டும். பம்ப் நொடிக்கு 200 லிட்டர் தள்ளும்போது குளிர்ச்சிக்குப் பிரியும் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆனால் அந்தச் சிறு பங்கு நின்றால், சில நிமிடங்களிலேயே, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் வளையும் அளவுக்குச் சூடேறிவிடும்.

நான்காம் படி: குளிர்ச்சிப் பாதையைக் கையால் தொட்டுத் தொடர்தல்

இந்தப் படிக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எஞ்சின் அணைந்து ஆறிய நிலையில், ஒவ்வொரு ஹோஸையும் அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை விரலால் தொட்டபடி சென்று, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டுப் படத்தைப் பிறகு பார்த்து ஒப்பிடலாம். முதலில் உங்கள் படம்தான் வேண்டும்.

அவுட்போர்டில் எஞ்சின் ஷாஃப்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சிறிய ரப்பர் இம்பெல்லரே தண்ணீரை மேலேற்றுகிறது. அது தேய்ந்தால் மாற்றுவது நமக்குப் பழகிய வேலை. ஜெட் படகுகள் பலவற்றில் அப்படி ஒரு தனிப் பம்பே கிடையாது. ஜெட் பம்பில், இம்பெல்லருக்குப் பின்னால் அழுத்தம் மிகுந்த இடத்தில் ஒரு துளையிட்டு, அங்கிருந்து ஹோஸ் வழியாகத் தண்ணீரை எடுக்கிறார்கள். சுற்று கூடக் கூட அழுத்தமும் தானே கூடுகிறது. தேயும் ரப்பர் இல்லாதது பெரிய நன்மை.

ஆனால் அந்த அழுத்தமே வேறொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. கார் எஞ்சினின் குளிர்ச்சிப் பாதை ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்துக்கு ஏற்ப அமைந்தது. முழு வேகத்தில் ஜெட் பம்ப் தருவது அதைவிட மிக அதிகம். அதைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்து, தண்ணீர் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். மாற்றிப் பொருத்திய வி-8 எஞ்சின்களில் தண்ணீர் நுழையும் ஹோஸில் ஒரு கேட் வால்வு இருப்பது இதற்காகத்தான். எஞ்சின் கொஞ்சம் சூடாகத் தெரிகிறதே என்று அதை முழுவதும் திறந்துவிடுவது அடிக்கடி காணப்படும் தவறு. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஓட்டிப் பார்த்து, வெப்பமானி நிலைக்கும் இடத்தில் அடையாளம் இட்டு நிறுத்த வேண்டும்.

இனி பாதையின் வகைகள். வெளியிலிருந்து வந்த தண்ணீரே எஞ்சினின் உள்ளே சுற்றி வெளியேறினால் அது திறந்த சுற்று. இதில் பல எஞ்சின்களில் தண்ணீர் முதலில், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் புகை மேனிஃபோல்டைச் சுற்றிச் சற்றுச் சூடேறி, பிறகே சிலிண்டர் பகுதிக்குப் போகிறது. பனியாற்று நீர் நேராகச் சூடான இரும்பில் படக்கூடாது என்ற கவனமே இந்த அமைப்புக்குக் காரணம். நம் கடல்நீர் பெரும்பாலான மாதங்களில் 26 முதல் 30 டிகிரி வரை இருப்பதால் நமக்கு அந்தக் கவலை குறைவு. உப்புதான் நம் கவலை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நீர் 60 முதல் 65 டிகிரிக்கு மேல் சூடேறும்போது சுண்ணாம்பு வகை உப்புகள் உலோகச் சுவரில் படியத் தொடங்குகின்றன. திறந்த சுற்று எஞ்சின்களுக்கு ஏறத்தாழ 60 டிகிரியில் தானே திறந்து தண்ணீரை ஓடவிடும் வால்வான தெர்மோஸ்டாட் போடுவது அதனால்தான். காரின் 80 டிகிரி தெர்மோஸ்டாட் அளவில் பொருந்துகிறது என்பதற்காக அதைப் போட்டால், எஞ்சினின் உள்ளே படிவு கட்டி, ஒரு நாள் பாதையே அடைபடும்.

மூடிய சுற்றில், எஞ்சினுக்குள் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் மட்டுமே சுற்றுகிறது. அதன் வெப்பத்தை வெப்பமாற்றி வழியாகக் கடல்நீர் வாங்கிக்கொள்கிறது. இட்லிப் பானையில் ஆவி தட்டின் துளை வழியே மாவைத் தொடுவதுபோல இங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை. உலோகச் சுவரின் இருபுறமும் இரண்டு நீரும் தனித்தனியே ஓடுகின்றன. ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட சீ-டூ என்னும் ஜெட் ஊர்திகளில், அடியிலுள்ள தட்டே வெப்பமாற்றியாக இருந்து கடல்நீரைத் தொட்டபடி வெப்பத்தை விடுகிறது. மூடிய சுற்றின் மூடி ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால், தண்ணீர் கொதிக்கும் நிலை 120 டிகிரிக்கு உயர்கிறது. ஓடி நின்ற எஞ்சினில் அந்த மூடியைத் திறப்பவரின் முகத்தில் கொதிநீர் பாய்வது உறுதி. ஆறும் வரை காத்திருங்கள்.

எந்த வகையானாலும் புகைப் பாதை தனிக் கவனம் கேட்கிறது. பல நூறு டிகிரி சூட்டில் வரும் புகையில் தண்ணீரைச் செலுத்திக் குளிர்விப்பதால்தான், அதற்குப் பின்னால் ரப்பர் ஹோஸ் பொருத்த முடிகிறது. தண்ணீர் நின்றால் முதலில் எரிவது அந்த ஹோஸ். மூடிய சுற்றுள்ள எஞ்சினிலும் புகைப் பாதைக்குக் கடல்நீர்தான் போகிறது என்பதால், கூலன்ட் வெப்பமானி சரியாகக் காட்டும்போதே புகை ஹோஸ் கருகக்கூடும். தவிர, எஞ்சின் பிடிக்காமல் நெடுநேரம் செல்ஃப் அடித்தால், புகைப் பாதையில் சேர்ந்த தண்ணீரைத் தள்ளிவிடப் புகையின் வேகம் இல்லாததால், அது சிலிண்டருக்குள் திரும்பலாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடுதான் வளையும்.

ஐந்தாம் படி: அளந்து பார்த்தல்

குமரி மாவட்டத்தில் கற்பவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம். இரண்டு கரையும் நம் மாவட்டத்தில் சேர்வதால், சின்னமுட்டத்தில் ஒரு காலமும் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இன்னொரு காலமுமாக, விசைப்படகுகள் கரையில் எஞ்சினைத் திறந்து வைத்திருக்கும் மாதங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. ஜெட் படகு கையில் இல்லாவிட்டாலும், உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டு, தெர்மோஸ்டாட், கடல்நீர் வடிகட்டி ஆகியவற்றை இந்த மாதங்களில் அங்குள்ள மெக்கானிக் அண்ணன்மாரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உப்பு படிந்த ஒரு பழைய மேனிஃபோல்டை அறுத்துப் பார்ப்பது, பத்துப் பக்கம் படிப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

ஜெட் படகு கிடைத்ததும் குளிர்ச்சி நீர் வெளியேறும் ஹோஸை 20 லிட்டர் வாளியில் விட்டு, அது நிறையும் நேரத்தைக் குறியுங்கள். உள்ளே வரும் நீரின் வெப்பத்தையும் வெளியேறும் நீரின் வெப்பத்தையும் அளந்து, மேலே சொன்ன கணக்கில் இட்டால், எஞ்சின் கொட்டும் வெப்பம் கிடைத்துவிடும். அவுட்போர்டின் பக்கவாட்டில் பீச்சும் நீரை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது; அது மொத்த ஓட்டத்தின் ஒரு சிறு பகுதியே. சில ஜெட் ஊர்திகளிலும் அதுபோன்ற அடையாளப் பீச்சல் மட்டும் வெளியே தெரியும். அங்கே முழு ஓட்டம் எங்கே போகிறது என்பதை நீங்கள் வரைந்த படம் சொல்லும்.

ஆறாம் படி: நம் தண்ணீருக்கு ஏற்ற கவனம்

கையேடுகள் பொதுவாக மணல் என்று சொல்லி முடித்துவிடும். மணவாளக்குறிச்சிக் கரையில் கிடப்பது வெறும் மணல் அன்று. இல்மனைட், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை கலந்த கனிம மணல். இவற்றில் கார்னெட்டும் சிர்க்கானும் பம்பின் அலுமினியத்தைவிடப் பன்மடங்கு கடினமானவை. இம்பெல்லரின் ஓரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி. மணல் கலந்த நீர் அந்த இடைவெளியைத் தேய்த்து அகலப்படுத்தினால், தண்ணீர் அதன் வழியே திரும்பிக் கசிந்து, எஞ்சின் சுற்று ஏறியும் படகு ஏறாத நிலை வரும். ஆகவே இடுப்பளவு ஆழத்தை அடையும் வரை எஞ்சினை ஓட்டவே கூடாது; மணக்குடி போன்ற, ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதால், நேற்று ஓடிய வழி இன்றும் ஆழமாக இருக்கும் என்று நம்பவும் கூடாது. ஆழமற்ற ஆற்றில் ஓடவே பிறந்த படகாயிற்றே என்று கேட்கலாம். வேகமாகச் செல்லும்போது படகு நீரின் மேல் எழுந்து ஓடுவதால் அடிமணல் அவ்வளவாகக் கிளம்புவதில்லை. நின்ற நிலையிலோ மெதுவாகவோ போகும்போதுதான் அது நேராக உறிஞ்சப்படுகிறது.

ஆற்றுப் பக்கம் ஆகாயத்தாமரையும், கடல் பக்கம் நைலான் வலைத்துண்டும் பிளாஸ்டிக் பையும் கம்பித் தடுப்பை அடைக்கும். இன்னொரு பகை, வேறு வேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்திருப்பது. எவர்சில்வர் இம்பெல்லரும் அலுமினியக் கூடும் அருகருகே நின்றால் அலுமினியம் அரிக்கப்படும்; அதற்கு முன்னே தான் கரைந்து காக்கும் துத்தநாகக் கட்டியைப் பாதிக்குமேல் கரையுமுன் மாற்ற வேண்டும். அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டால் அது வேலை செய்யாது.

ஏழாம் படி: நல்ல தண்ணீரில் அலசுதல்

கடலில் ஓடிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். அவுட்போர்டு பழக்கம் நேரெதிராக வழிகாட்டும் இடமும் இதுவே. அவுட்போர்டுக்குக் காது போன்ற ரப்பர் கவ்வியை மாட்டி, முதலில் குழாயைத் திறந்து, பிறகுதான் எஞ்சினை ஓட்டுகிறோம். ஜெட் எஞ்சினில் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உடனே, 15 நொடிக்குள், குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, எஞ்சினை ஓரிரு முறை லேசாக உயர்த்திப் புகைப் பாதைத் தண்ணீரை வெளியேற்றி, பிறகு உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது குழாய் திறந்திருந்தால், தண்ணீர் புகைப் பாதையை நிரப்பிச் சிலிண்டர் வரை சென்றுவிடும். உங்கள் மாடலின் கையேடு வேறு முறையைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மற்றபடி இந்த வரிசையை எஞ்சின் மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

எட்டாம் படி: குறிகளைச் சேர்த்துப் படித்தல்

சுற்று ஏறுகிறது, படகு போகவில்லை, வெப்பமும் ஏறுகிறது என்றால் அடைப்பு கம்பித் தடுப்பில் அல்லது இம்பெல்லரில் இருக்கிறது. இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே. படகு நன்றாக ஓடுகிறது, வெப்பம் மட்டும் ஏறுகிறது என்றால், பம்ப் நலமாக இருக்கிறது. பிரியும் துளை, ஹோஸ், வடிகட்டி, தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் தேடுங்கள். படகு மந்தமாக ஓடுகிறது, வெப்பம் இயல்பாகவே இருக்கிறது என்றால், பெரும்பாலும் இம்பெல்லர் ஓரத்தின் தேய்மானம். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து, கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் எஞ்சினை மீண்டும் ஓட்டாமல், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் பிளக் துளைகள் வழியே அதை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் அன்றைக்கே மாற்றி, ஹெட் கேஸ்கெட்டைச் சோதித்த பிறகே படகை மீண்டும் தண்ணீரில் இறக்க வேண்டும்.